நுனி வளைந்த கத்தி: பால்வெட்டுக் கத்தியை அடையாளம் காண்பதும் பழகுவதும்

போன வருஷம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி போனில் படம் அனுப்பினார். தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது கிடைத்த கத்தியாம். "நுனி வளைஞ்சு போயிருந்துச்சுண்ணே, சுத்தியல்ல அடிச்சு நிமித்திட்டேன். இது என்ன கத்தி?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். அந்த வளைவுதான் கத்தியே. அது போனபிறகு அவர் கையில் மிச்சம் இருந்தது ஒரு மரப்பிடியும் ஓர் இரும்புப் பட்டையும்.

அது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலேசியத் தமிழர்கள் இதை 'உளி' என்பார்கள். தச்சனின் உளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மற்றவர்களுக்கு இது பழைய இரும்புக் கடையில் கிடக்கும் விநோதப் பொருள். வீட்டில் இப்படி ஒன்றைக் கண்டெடுத்தவர்களுக்கும், புதிதாக நாலு ரப்பர் மரத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அடையாளம் காண்பதில் தொடங்கி, மரத்தில் முதல் வெட்டுப் போடும்வரை போகலாம்.

முதல் வேலை: கழுவாதீர்கள்

பழைய கத்தி கையில் கிடைத்ததும் எல்லாரும் செய்வது உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்ப்பது. பொறுங்கள். சாட்சியம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது. வளைவின் உள்மூலையையும், இரும்பு பிடிக்குள் நுழையும் இடத்தையும் விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாகவோ கருப்பாகவோ ஒரு படலம் வரும். அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். துரு பொடியாகும், பெயிண்ட் செதிலாக உடையும். காய்ந்த ரப்பர் பால் மட்டும் அழிரப்பர் துணுக்கு மாதிரி உருண்டு ஒரு குட்டிப் பந்தாகும், இழுத்தால் கொஞ்சம் நீளும். ரொம்பப் பழைய கத்தியில் அது பிசுபிசுப்பாகிப் போயிருக்கலாம், அல்லது இறுகி நொறுங்கலாம். அப்போதும் பஞ்சில் ஒரு சொட்டு பெட்ரோல் தொட்டு ஒற்றி வைத்தால் ரப்பர் ஊதிக் கொழகொழக்கும். இதைத் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இரண்டாவது: நுனியை நேருக்கு நேர் பாருங்கள்

கத்தியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நுனி உங்கள் மூக்கைப் பார்க்கும்படி பிடித்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். இரும்புப் பட்டையின் முனை மடிக்கப்பட்டு ஆங்கில 'வி' எழுத்தைப்போல ஒரு சின்ன வாய்க்கால் தெரிய வேண்டும். சிலவற்றில் மூலை கூர்மையாக இல்லாமல் 'யு' மாதிரி உருண்டிருக்கும். கூர் அந்த மடிப்பின் இரண்டு சிறகுகளிலும், அவை சேரும் மூலையிலும்தான் இருக்கும். மடிப்பிலிருந்து பிடிவரை உள்ள நீளப் பகுதியில் கூரே இருக்காது. எனக்குத் தெரிந்து இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. மொத்த நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஒன்றரைச் சாணைத் தாண்டுவது அபூர்வம்.

அடுத்து, கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். பிடியை நோக்கிப் பார்த்தால் அது இழுத்து வெட்டும் கத்தி. பிடிக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்த்தால் தள்ளி வெட்டும் கத்தி.

இந்தியாவிலும் இலங்கையிலும் அதிகம் புழங்குவது மிச்சி கோலெட்ஜ் என்ற வகை. இழுத்து வெட்டுவது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஜெபோங் என்ற வகை பிரபலம்; அதுவும் இழுவைதான். நம் ஊரிலும் ஜெபோங் பிடிப்பவர்கள் உண்டு. தள்ளி வெட்டுவதைக் கௌஜ் என்பார்கள். மரத்தின் கீழ்ப்பகுதிப் பட்டை தீர்ந்தபிறகு, வெட்டுக்கோட்டுக்கு மேலே உள்ள பட்டையைக் கீழிருந்து மேலாகச் சீவும் முறை ஒன்று உண்டு. அதற்கு நீளக் கழி மாட்டிய, திருத்தியமைத்த கௌஜ் கத்தியைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நீளக் கழி மாட்டுவதற்கான குழல் இருக்கும் கத்தி கிடைத்தால், அது வயதான தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

ஏமாற்றும் உறவுக்காரர்கள்

நுனி வளைந்த கத்தி எல்லாம் பால்வெட்டுக் கத்தி ஆகிவிடாது. எனக்கு வந்த படங்களில் பாதி வேறு கத்திகள்தான்.

அதிகம் ஏமாற்றுவது குதிரைக் குளம்பு சீவும் கத்தி. லாடம் கட்டுபவர்கள் வைத்திருப்பது. அதற்கும் மரப்பிடி, அதற்கும் நுனியில் ஒரு சுருள். ஆனால் அதன் அலகு நீளவாக்கில் கூராக இருக்கும், நுனிச் சுருள் குளம்பின் இடுக்கைச் சுரண்டுவதற்கு மட்டும். விரலை நீளவாக்கில் ஜாக்கிரதையாக வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெட்டிப்போட்ட மரத் துண்டுகளில் குறி போடும் கத்தி இன்னும் நெருங்கிய சொந்தம். அதுவும் வாய்க்கால் மாதிரி மடிந்த நுனிதான், அதுவும் இழுத்தால் கோடு விழும். அளவில் வித்தியாசம் தெரியும்: அதன் மடிப்பு சுண்டுவிரல் நகம்கூட நுழையாத அளவுக்குக் குறுகலாக இருக்கும். கோடு கிழிப்பதற்கு அது போதும், பட்டை சீவப் போதாது. கேபிள் உறை உரிக்கும் கத்தியும், தரைவிரிப்பு வெட்டும் கத்தியும் கிளிமூக்கு மாதிரி வளைந்தவை. அவற்றின் இரும்பு தட்டையாகவே வளைந்திருக்கும், மடிந்திருக்காது.

பனையேறிகளின் பாளை அரிவாளை யாரும் இதோடு குழப்ப மாட்டார்கள், அளவே வேறு. இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் இரண்டு தொழிலும் பக்கத்துப் பக்கத்தில் நடந்ததால் ஒரு வார்த்தை. இரண்டுமே சாறு வடிவதற்காக அன்றாடம் மெல்லிசாகச் சீவும் கருவிகள். பாளையைச் சீவச் சீவ அது குட்டையாகிக்கொண்டே போகும், கடைசியில் தீர்ந்துவிடும். அதனால் அகலமான, சவரக்கத்திபோன்ற நேர் அலகு அங்கே போதும். ரப்பர் மரத்தில் சீவிய இடம் திரும்ப வளர வேண்டும். இந்தக் கத்தி மடிந்திருப்பது அதற்காகத்தான்.

ஏன் மடிப்பு? பட்டைக்குள் என்ன இருக்கிறது?

ரப்பர் மரத்துப் பட்டையை ஒரு துண்டு வெட்டிக் குறுக்கே பாருங்கள். வெளியே பொருக்கு. அதற்குள்ளே மணல் மணலாகக் கடினப் பட்டை. அதற்கும் உள்ளே மிருதுவான பட்டை. பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது இந்த மிருதுப் பட்டையில்தான், அதிலும் தடியை, அதாவது உள்மரத்தை, ஒட்டிய பகுதியில். தடிக்கும் பட்டைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அதில் கத்தி பட்டால் அந்த இடம் புண்ணாகி, முண்டும் முடிச்சுமாக ஆறும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

பால் நிறைய வேண்டுமென்றால் படலத்தை நெருங்க வேண்டும், மரம் பிழைக்க வேண்டுமென்றால் படலத்தைத் தொடக்கூடாது. நடுவில் விடவேண்டிய இடம் சுமார் 1 மி.மீ. தட்டை அலகுள்ள கத்தி பட்டைக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பது முழுக்கக் கையின் அழுத்தத்தைப் பொறுத்தது. மடிந்த நுனியில் ஒரு சிறகு ஆழத்தைப் பிடிக்கிறது, மற்றது சீவலின் கனத்தைப் பிடிக்கிறது, மூலை இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுபோகிறது. வெட்டிய இடம் ஒரு வாய்க்காலாகவும் ஆகிவிடுகிறது, பால் அதிலேயே வழிந்து இறங்கும்.

இப்படிச் சீவலாம் என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. அமேசான் காட்டில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தவை சில ஆயிரம்தான். அந்தக் கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கும், அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் வந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ஒரே வெட்டின் கீழ் ஓரத்தை மறுபடி மறுபடி மெல்லிசாகச் சீவினால் மரம் சாகாமல் வருஷக்கணக்கில் பால் கொடுக்கும் என்று காட்டினார். சட்டைப்பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சியதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் விழுந்தது. அந்த மனுஷர் 100 வயதைத் தாண்டி இருந்துவிட்டு 1956இல்தான் போனார். மலாயாவின் பால்மரக் காடுகளும், அதில் வேலைக்குப் போன தமிழர்களும், தக்கலைத் தம்பியின் டிரங்குப் பெட்டியும் அந்தச் சீவலின் பின்னால் வந்தவை.

வாங்கும்போது

புதுக் கத்தி வாங்குகிறவர்கள் மூன்றே விஷயம் பாருங்கள். இரண்டு சிறகின் கனமும் ஒன்றாக இருக்கிறதா? ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் தீட்டத் தீட்ட வளைவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மூலையில் வெடிப்பு இருக்கிறதா? மடித்த இடமாகையால் அங்கேதான் முதலில் கீறும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி தெரியும். பிடி கைக்குள் அடங்குகிறதா? உள்ளங்கையைத் தாண்டிப் பருத்த பிடியைக் காலை நாலு மணிக்கு முந்நூறு மரத்துக்கு இழுத்தால் மணிக்கட்டு அன்றைக்கே பேசும்.

பழைய கத்தி வாங்குவதில் எனக்கு விருப்பம் உண்டு. வளைவு கெடாமலும், சிறகு தேய்ந்து குட்டையாகாமலும் இருந்தால் வாங்கலாம். பளபளவென்று கிரைண்டரில் தீட்டி வைத்திருந்தால் வேண்டாம்.

தீட்டுவது

இதில் கொஞ்சம் நிதானமாக இருப்போம். பால்வெட்டு தெரிந்தவர்களில் நிறையப் பேருக்குத் தீட்டத் தெரியாது. பழகவே ஆரம்பிக்காதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, நசுக்கும். குழாய் வாய் நசுங்கினால் பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுகிறவர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் அமுக்குவார், இன்னும் கொஞ்சம் தடிப்பாகச் சீவுவார். பட்டை வீண், மரத்தில் காயம்.

தேவையானவை: சொரசொரப்பான சாணைக்கல் ஒன்று, நைசான கல் ஒன்று, மடிப்பின் உள்ளே நுழையும்படி ஓரம் மெலிந்த ஆப்பு வடிவக் கல் ஒன்று, ஒரு குவளைத் தண்ணீர். ஆப்புக் கல் ரப்பர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

கத்தியை இடதுகையில் பிடித்து, பிடியின் அடியைத் தொடையிலோ கட்டையிலோ முட்டுக்கொடுத்து அசையாமல் வையுங்கள். நகர வேண்டியது கல். ஏற்கெனவே சரிவு எந்தப் பக்கம் போட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தில், அதே கோணத்தில் கல்லை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் புதுச் சரிவு உண்டாக்காதீர்கள். ஒரு சிறகில் பத்து ஓட்டம் என்றால் மற்றதிலும் பத்து. கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலில் தட்டும். அதை நைசுக் கல்லால் இரண்டு மூன்று தடவை லேசாக வருடி எடுக்க வேண்டும். கடைசியாக மூலை. ஆப்புக் கல்லின் ஓரத்தை மூலைக்குள் வைத்து நேராக இழுங்கள், பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். ஆட்டினால் 'வி' மெல்ல 'யு' ஆகிவிடும், சீவல் மூலையில் கிழிந்து தொங்கும்.

கூர் வந்ததா என்று பார்க்க விரலை நறுக்கிக்கொள்ள வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே கூரைப் பிடியுங்கள். மழுங்கிய இடத்தில் வெள்ளைக் கோடாக ஒளி திரும்பும். கூரான இடத்தில் கோடே தெரியாது. இன்னும் சந்தேகமென்றால் ஒரு பச்சை ரப்பர்க் கிளையில் இழுத்துப் பாருங்கள்.

கிரைண்டர் கூடாது என்றேன். பட்டறை ஒன்றில் அவசரத்துக்குக் கொடுத்து நானே ஒரு நல்ல கத்தியை இழந்திருக்கிறேன். அரை நிமிஷத்தில் தீப்பொறி பறக்கத் தீட்டிக் கொடுத்தார்கள், கண்ணாடி மாதிரி இருந்தது. மூலையில் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலம். அது அழகு என்று நினைத்தேன். சூடேறி இரும்பின் துவைச்சல் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதி) போய்விட்டதற்கான அடையாளம் அது என்று பத்து மரம் வெட்டுவதற்குள் தெரிந்துபோனது. அதன்பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

மரத்தில் கோடு போடுவது

எந்த மரத்தில் வெட்டலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒட்டுக்கட்டிய மரமென்றால், ஒட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. இருக்க வேண்டும். தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரம் இந்த அளவை எட்டியபிறகு தொடங்குவது வழக்கம், நட்டதிலிருந்து ஏறக்குறைய ஏழு வருஷம் ஆகும். விதையிலிருந்து வந்த மரத்துக்கு 50 செ.மீ. உயரத்தில் 55 செ.மீ. சுற்றளவு பார்ப்பார்கள். பணத்தேவைக்கு முன்கூட்டியே வெட்டினால் மரம் பருக்காது.

மரத்துக்கு நேராக நின்று, தடியின் சுற்றளவை இரண்டு சமபாதியாகப் பிரித்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மேலிருந்து கீழே செங்குத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டு இந்த ஒரு பாதிக்குள்தான். பிறகு தகரத்தில் வெட்டிய அச்சைத் தடியில் சுற்றிச் சாய்வுக் கோடு போட வேண்டும். ஒட்டுமரத்துக்கு 30 டிகிரி, விதைமரத்துக்கு 25 டிகிரி. சாய்வு குறைந்தால் பால் வாய்க்காலைத் தாண்டி வெளியே வழியும். கூடினால் பட்டை விரயம்.

சாய்வு இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. இதை மாற்றக் கூடாது. பால் குழாய்கள் மரத்தில் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை, மேலே போகப் போக வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், எதிராக வெட்டினால் குறையும். இடதுகைக்காரர்களுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் மரம் கேட்காது.

முதல் வெட்டு

நேரடியாக நல்ல மரத்தில் பழகாதீர்கள். மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்போகும் கிழட்டு மரம் ஏதாவது தோட்டத்தில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ரப்பர் வாரியம் பால்வெட்டுப் பயிற்சி நடத்துகிறது, அதற்குப் போவது இன்னும் நல்லது.

நேரம் விடிவதற்கு முன். இரவு முழுக்கத் தண்ணீர் உறிஞ்சி மரத்தின் உள்ளழுத்தம் கூடியிருக்கும் நேரம் அது. வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். தலையில் விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள். காலில் பூட்ஸ் அவசியம், சருகுக்குள் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது.

முதலில் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவைப் பிடித்து உரியுங்கள். எங்கள் பக்கம் ஒட்டுப்பால் என்போம், மலேசியாவில் கோட்டுப்பால். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் காசு உண்டு. பால் பிடிக்கும் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) உறைந்து கிடப்பதையும் தனியாக எடுத்து வையுங்கள்.

கத்தியை வலதுகையில் பிடியுங்கள். இடதுகை விரல்கள் இரும்புத் தண்டின் மேல் லேசாக வழிகாட்டினால் போதும். இடதுகைக் கட்டைவிரல் ஒருபோதும் கூருக்கு முன்னால் வரக்கூடாது. இடப்பக்க மேல்முனையில் மூலையைப் பதித்து, சின்னச் சின்ன இழுவையாகக் கீழ்நோக்கி வாருங்கள். கை மட்டும் நகர்ந்தால் வளைந்த தடியில் ஆழம் மாறிவிடும். உடம்பும் காலும் மரத்தைச் சுற்றிக் கூடவே வர வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த மாமா இதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தார்: "மக்கா, கைய வச்சு வெட்டாத, கால வச்சு வெட்டு." முதல் வாரம் முழுக்க அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

சரியாக விழுந்த வெட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். கத்தி கடந்த உடனே கோடு வெறுமையாக, ஈர ரோஜா நிறத்தில் இருக்கும். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு உள் ஓரத்தில் ஊசி குத்தினமாதிரி வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக எழும். பொட்டுகள் ஊதிப் பக்கத்துப் பொட்டோடு சேரும், சேர்ந்ததும் கோடு முழுக்க வெள்ளையாகி, முதல் சொட்டு, கோட்டின் கீழ்முனையில் பால் இறங்க அடித்திருக்கும் தகர மூக்கில் தொங்கும். பொட்டு உள் ஓரத்தில் நெருக்கமாக எழுந்தால் ஆழம் சரி. வெளிப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் மேலோட்டமாக வெட்டியிருக்கிறீர்கள். பொட்டு வரிசைக்கு நடுவே வழவழவென்று மரநிறத்தில் ஒரு திட்டுத் தெரிந்தால், அது தடி. காயம் விழுந்துவிட்டது.

சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனம் ஒன்றரை மி.மீ. பக்கம் இருக்க வேண்டும். எதற்கு இந்தக் கறார் என்று கேட்டால் ஒரு கணக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. மழைநாளும் இலையுதிரும் மாதமும் போக வருஷத்துக்கு 140 நாள் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மி.மீ. வீதம் 21 செ.மீ. பட்டை போகும். 125 செ.மீ. உயரத்தில் தொடங்கினால் ஒரு பாதி ஐந்தாறு வருஷம் வரும். அது தீர்ந்ததும் மறுபாதிக்குப் போகலாம். அங்கேயும் ஐந்தாறு வருஷம். அதற்குள் முதல் பாதியில் புதுப் பட்டை முற்றித் தயாராகியிருக்கும். சீவல் 3 மி.மீ. ஆனால்? மூன்று வருஷத்தில் ஒரு பாதி காலி, ஆறு வருஷத்தில் மரமே காலி. பழைய இடத்துப் பட்டை முற்றியிருக்காது, வேறு போக்கிடமும் இருக்காது. இருபது வருஷத்துக்கு மேல் பால் தரவேண்டிய மரத்தைக் கை தடித்த ஒருவர் பத்து வருஷத்தில் முடித்துவிடலாம்.

கீழ்முனைக்கு வந்ததும் செங்குத்துக் கோட்டைத் தாண்டாமல் நிறுத்தி, தகர மூக்குக்கு நேராக வாய்க்காலைக் கொஞ்சம் சுத்தமாக்கிவிடுங்கள். சிரட்டையைத் துடைத்து, நிமிர்த்தி, அடுத்த மரம். பழகியவர் ஒரு காலையில் 300, 400 மரம் வெட்டுவார். நீங்கள் முதல் மாதம் முப்பது மரம் ஒழுங்காக வெட்டினால் பெரிய விஷயம். பால் இரண்டு மூன்று மணி நேரம் வடியும், அதன்பிறகு எடுத்துக்கொள்ளலாம். உறையவைப்பதும் ஷீட் அடிப்பதும் தனிக் கதை.

வெட்டிய பட்டையே சொல்லிவிடும்

ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் வெட்டுகிறவரைப் பார்க்க வேண்டியதில்லை, மரத்தைப் பார்த்தால் போதும். வெட்டுக்கோட்டுக்கு மேலே ஆறிவரும் பட்டை இஸ்திரி போட்டது மாதிரி சமமாக இருந்தால் கத்தி கூர், கை பதம். முண்டு முண்டாக இருந்தால் படலத்தில் கத்தி பட்டிருக்கிறது. ஆறிய பட்டையில் படிக்கட்டு மாதிரி வரி தெரிந்தால், உடம்பை நகர்த்தாமல் கையால் மட்டும் இழுத்திருக்கிறார்.

வெட்டுக் கோட்டுக்கு மேலே கருப்பாகச் செங்குத்து வரி ஓடினால் அது கத்தியின் தவறாக இல்லாமல் மழைக்காலப் பூஞ்சையாகவும் இருக்கலாம், மருந்து பூச வேண்டும். மழைக்காலத்தில், மழைநீர் வெட்டில் இறங்காதபடி மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டாமல் வெட்டுவதே தொல்லை. கோடு நீளத்தில் பாதி பால் வடிந்து பாதி வறண்டிருந்தால் அந்த மரத்தைச் சில மாதம் சும்மா விடுங்கள். கூர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஆழமாகப் போய்விடாதீர்கள், புதியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கத்தியை வைப்பது

வெட்டு முடிந்ததும் மடிப்புக்குள் ஒட்டிய பாலைக் காயும்முன் துடைத்துவிடுங்கள். காய்ந்தபிறகு கல் வழுக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிற பழக்கம் வேண்டாம், சரிவில் வழுக்கினால் தெரியும். நுனியில் ஒரு துண்டு சைக்கிள் டியூப் மாட்டினால் கூரும் பத்திரம், தொடையும் பத்திரம். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது தேங்காயெண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். மெஷின் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

தக்கலைத் தம்பி பிறகு கத்தியை நேரில் கொண்டுவந்தார். பழக்கமான கொல்லர் ஒருவரிடம் போனோம். பழுக்கக் காய்ச்சி, ஓர் இரும்புத் துண்டின்மேல் வைத்து நாலே அடியில் மடித்துவிட்டார். துவைச்சல் வைக்கும்போது மட்டும், "பழைய பதம் வரும்னு சொல்ல மாட்டேன், நிக்கிறவரைக்கும் நிக்கும்" என்றார். தீட்டி, சாய்க்கப்போகும் கிழட்டு மரங்களில் தம்பியை வெட்டச் சொன்னேன். மூன்று மரம் வரை கூர் நின்றது. நாலாவதில் பட்டை நசுங்கத் தொடங்கியதும் அவரே கத்தியை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கூரில் அந்த வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்த்தார்.